கழுவாமல் வைத்த குழல்

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. அஞ்சாம் வகுப்பு முடிவதற்குள்ளாகவே நடவுக்குப் போனவள் நான். முன்னே வர வேண்டியது பின்னே வரும், சில பெயர்கள் அடியோடு மறந்துவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருந்தால் எனக்கு வாயே திறக்காது. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

எங்கள் முதலாளியின் பேரன்தான் இப்போது துப்பாக்கிக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கடைக்குச் சொந்தமான, செங்கல் சுட்ட பழைய காளவாய் மேட்டில் இருந்த வேட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். புதுத் துப்பாக்கிகள் எல்லாம் சோதித்து முத்திரை குத்தியே வருகின்றன, பழுதுக்கு வருவதும் அபூர்வம், இந்தச் சுவர் எதற்கு என்றார். நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள், நம் தொழில்காரர்கள் மலரில் போடலாம் என்றும் சொன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. சுவர் போனால் போகட்டும். அந்தச் சுவரைப் பற்றி நான் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தொழில் தெரிந்தவர்களிடம்தான் கேட்க முடியும்.

கடை திருத்துறைப்பூண்டியில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. லைசென்ஸ் உள்ள கடை. என் வீட்டுக்காரர் அங்கே சம்மட்டி அடித்தார். விஷக் காய்ச்சலில் அவர் போன பிறகு முதலாளி வீட்டு அம்மா என்னைக் கூட்டிவந்து பெருக்கத் துடைக்க வைத்தார்கள். பெருக்கினேன். வெந்நீர் போட்டேன். எண்ணெய்த் துணி அலசினேன். அப்படியே குழல் கழுவப் பழகி, கழுவின குழலைப் பார்த்துச் சொல்லவும் பழகிக்கொண்டேன். அதற்குள் சில வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளியை எல்லோரும் ராவுத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் கல்கத்தாப் பக்கம் போய் வேலை பழகி வந்தவர். மெதுவாகத்தான் பேசுவார், அதையும் குனிந்த தலை நிமிராமல் பேசுவார். ஒரு வேலை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார், அடுத்த வேலையை எடுத்துக் கையில் கொடுப்பார். நமக்கு அதுதான் பாராட்டு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கலெக்டரே வந்து சொன்னாலும் இறங்கி வரமாட்டார். சோதனை வேட்டுப் போடாமல் எந்தத் துப்பாக்கியும் கடையை விட்டு வெளியே போகாது.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பழுது பார்த்த துப்பாக்கியை அப்படியே ஆள் கையில் கொடுக்கக் கூடாது. வழக்கமாகப் போடுகிற வெடிமருந்தைவிடக் கூடுதலாகப் போட்டு, ஆள் இல்லாமல் சுட்டுப் பார்க்க வேண்டும். உடைகிற குழலாக இருந்தால் அங்கேயே உடைந்து தொலையட்டும், மனுஷன் கையில் உடைய வேண்டாம். காளவாய் மேட்டில் ஆள் உயரத்துக்குத் தடிமனான செங்கல் சுவர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் தேக்குச் சட்டம். அதில் துப்பாக்கியைப் படுக்க வைத்து, தோல் வாரால் இறுக்கி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்குவோம். விசையில் ஒரு கயிறு கட்டி, சுவரில் இருக்கும் துளை வழியாக இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வோம். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். துப்பாக்கிக்குச் சொந்தக்காரரையோ, அவர் அனுப்பிய ஆளையோ பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் ராவுத்தர் கயிற்றைத் தொடுவார். பிஸ்மில்லாஹ் சொல்வார், இழுப்பார். காளவாய்ப் புறா அத்தனையும் கிளம்பும்.

சத்தம் வந்த பிறகு யாரும் நகரக் கூடாது. அவர் ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மென்று துப்புகிற வரைக்கும் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மருந்து சில நேரம் சோம்பிக் கிடந்து பிந்தி எரியும் என்பார். அவசரக்காரர்கள் அந்த வெற்றிலையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். அவர் மெல்லுவதை நிறுத்தமாட்டார்.

கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடும் இரும்புக் குழல்களும் எங்களிடம் வரும். ஒரு தடவை ஒரு தர்மகர்த்தா, சாமி காரியத்துக்கு எதற்குச் சோதனை, சாமி பார்த்துக்கொள்வார் என்றார். ராவுத்தர் தலை நிமிராமலே, "சாமி பாத்துக்குவாரு, சரி. பக்கத்துல நிக்கிற வேட்டுக்காரனை யாரு பாத்துக்குவா?" என்றார். தர்மகர்த்தா குழலை வைத்துவிட்டுப் போனார்.

சீமையில் இதற்கென்றே தனி வீடுகள் உண்டாம், பல நூறு வருஷமாக. செய்கிறவன் ஒருவன், சோதிக்கிறவன் வேறொருவன். சோதித்தவன் முத்திரை இல்லாமல் விற்றால் குற்றம். அந்தச் சட்டம் யாரோ நல்ல மனசால் போட்டது இல்லை, வாங்கினவன் கை போய்ப் போய் வந்தது என்று ராவுத்தர் சொல்வார். தரங்கம்பாடிக் கோட்டையில் கிடக்கிற பீரங்கியைக்கூட இப்படிச் சோதித்துத்தான் கப்பலில் ஏற்றியிருப்பான் என்பார். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது.

வேட்டு முடிந்து துப்பாக்கி என் கைக்கு வரும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து வாய் வரைக்கும் குழலை விரலால் தடவுவேன். எங்காவது வீங்கியிருந்தால் விரலுக்குத் தட்டும். பிறகு புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். கரிமருந்தின் அழுக்கு அப்போதுதான் விடும். கஜக்கோலில் துணி சுற்றித் துடைத்து, காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பேன். நல்ல குழல் உள்ளே நெடுக ஒரே மாதிரி பளபளக்கும். கெட்ட குழலில் ஓர் இடத்தில் நிழல் வளையம் போட்டு நிற்கும். அந்த இடம் உப்பிவிட்டது என்று அர்த்தம். நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். "சரி" அல்லது "வளையம்". எனக்கு அது வசதி. அதற்குப் பிறகு ராவுத்தரும் ஒருமுறை பார்ப்பார். சரியாக இருந்தால் கடை முத்திரை குத்துவார், ஒரு சின்ன நட்சத்திரம். அரசாங்க முத்திரை வேறு, அது எங்கள் கையில் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. உடைந்த குழல் எதுவாக இருந்தாலும், பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடிக்கிறவரை அதைக் கழுவக் கூடாது.

நான் சொல்ல வந்தது புது ஆட்சி வந்த சமயம் நடந்தது. மேடைக்கு மேடை புதுப் பேச்சு. வயலில் மட்டும் பழைய கூலி. எங்கள் தெரு முழுக்கக் கூலி ஜனங்கள், எல்லோரும் செங்கொடிச் சங்கம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் வரப்பில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்.

என் தம்பி கோவிந்தன் மட்டும் பண்ணையை விட்டு வரவில்லை. அவன் காவல்காரன். குடியிருந்த கொட்டகை பண்ணை மனையில் இருந்தது. பெண்டாட்டி, கைப்பிள்ளை. வெளியே வா என்றால் எங்கே வருவான்? தெரு அவனோடு பேச்சை நிறுத்திவிட்டது. நல்லது கெட்டதுக்குச் சொல்வதில்லை, அவன் பெண்டாட்டி குளத்தில் இறங்கினால் மற்றவர்கள் கரை ஏறிவிடுவார்கள். கடைக்குப் போகிற வழியில் நான் மட்டும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவேன்.

அறுப்பு நெருங்குகிற சமயத்தில் அந்தப் பண்ணையின் வேலைகளைக் கவனிக்கிற காரியக்காரர் ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். விசையை இழுத்தால் மருந்தைத் தட்டுகிற குதிரை உடைந்திருந்தது. நெல் கொட்டுகிற பத்தாயத்துக்கு மேலேயே வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது, துரு.

"குதிரையை மாட்டிக் குடுத்தாப் போதும் ராவுத்தரே. வேட்டுப் போட்டுப் பாக்கறதெல்லாம் வேணாம், நேரமில்ல."

"நேரமில்லேன்னா எடுத்துட்டுப் போங்க."

"யாரு சுடப் போறா? சும்மா கையில புடிச்சிட்டு நிக்கத்தான்."

"யாரு புடிச்சிட்டு நிப்பா?"

"நம்ம கோவிந்தன்."

ராவுத்தர் அன்றைக்குத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேட்டுப் போட்டால்தான் கொடுப்பேன் என்று சொல்லி அவர் துப்பாக்கியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் தெருவுக்குச் சேதி போயிருந்தது. சங்கத்தில் முன்னால் நிற்கிறவர் மாரிமுத்து மாமா, எனக்கு உறவுமுறை. அதட்டுகிற மனுஷன் இல்லை. வாசலில் வந்து நின்று தணிவாகத்தான் கேட்டார்.

"அஞ்சலை, அது உன் கைக்குத்தான் வருதாம். இருக்குற வாயால வளையம்னு ஒரு வார்த்தை சொல்லிடு புள்ள. அது கடையிலயே கெடக்கட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

நான் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வேட்டுப் போட்டோம். காரியக்காரர் சுவருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். குழல் தாங்கியது. என் கைக்கு வந்ததும் கண்ணை மூடித் தடவினேன், ஒன்றும் தட்டவில்லை. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வளையம் தேடினேன். ஒன்றாவது இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு தேடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துருவின் புள்ளி இருந்தது, வளையம் இல்லை. இல்லாததைச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பெரிதாக யோசித்ததாக ஞாபகம் இல்லை. "சரி" என்று வாயில் வந்துவிட்டது. ராவுத்தரும் பார்த்தார். நட்சத்திரம் குத்தினார்.

வாங்கிப் போகத் தம்பியே வந்தான், காரியக்காரருக்குப் பின்னால். ராவுத்தர் எல்லாக் காவல்காரர்களுக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னார். "கோவிந்தா, இது கம்பு இல்ல. வரப்புல வழுக்குனா விழுந்து எந்திரி. இத ஊணாதே. ஊணித்தான் தீரணும்னா கட்டைய ஊணு, வாயை ஊணாதே. வாய்ல சேறு அடைச்சா எப்பேர்ப்பட்ட குழலும் பொளந்துரும்."

இந்தப் பக்கத்துக் காவல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். கையில் கம்பு இல்லாமல் சேற்றில் நடந்து பழக்கம் கிடையாது. துப்பாக்கியைக் கொடுத்தால் அதையும் ஊன்றி நடப்பார்கள். அதுவும் தலைகீழாக. ஏன் என்றால் மரக்கட்டையில் சேறு பட்டால் பண்ணை வீட்டில் வசவு விழும். காரியக்காரரும் அதைத்தான் சொன்னார், "கட்டையில சேறு பட்டா ஐயா இவன் தோலை உரிச்சுப்புடுவாரு" என்று. எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

போகும்போது என்னிடம், "என்னக்கா, நல்லாருக்குல்ல?" என்று கேட்டான்.

"நல்லாருக்குடா" என்றேன்.

அறுப்பு அன்று நான் கடையில் இருந்தேன். நடந்ததைப் பிறர் சொல்லித்தான் கேட்டேன். வெளியூர் ஆள் வயலில் இறங்கியதும் எங்கள் தெரு வரப்பில் வந்து நின்றிருக்கிறது. காரியக்காரர் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு விடச் சொல்லியிருக்கிறார். தம்பி தூக்கிச் சுட்டிருக்கிறான். குழலின் முன்பாதி பிளந்துவிட்டது. இடது கையில் விரல்கள் போயின. துப்பாக்கி சேற்றில் விழுந்தது, அவனும் விழுந்தான். யாரை மிரட்டச் சுட்டானோ அந்த ஜனங்கள்தான் ஓடிப்போய்த் தூக்கினார்கள். மாரிமுத்து மாமா தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையைச் சுற்றிக் கட்டி, கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்.

காரியக்காரர் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து கடை நடுவில் போட்டார். பொய்யாக முத்திரை குத்தினாய், நாளைக்கு இன்ஸ்பெக்டர் இங்கே வருகிறார், லைசென்ஸ் போகிறதா இல்லையா பார் என்று கத்திவிட்டுப் போனார். ராவுத்தர் குந்தி உட்கார்ந்து குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து இருக்கிற அடிப்பக்கம் அப்படியே இருந்தது. வாய்ப்பக்கம் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. பலவீனமான குழலானால் அடியில்தான் போகும், வாய்ப்பக்கம் போனால் அங்கே எதுவோ அடைத்திருக்கிறது என்றார். மடலின் உள்பக்கம் களிமண் ஒட்டியிருந்தது. "பாரு, நெருப்புல பொரிஞ்சிருக்கு. வெடிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள இருந்த சேறு." வெள்ளைத் துணியில் சுற்றி, நான் குழல் கழுவுகிற பலகைக்கு அடியில் வைத்தார். "கழுவிறாதே" என்றார். தொழுகைக்குப் போய்விட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில் மாரிமுத்து மாமாவின் பெண்டாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. "தம்பின்னும் பாக்காம செஞ்சிட்டியேடி" என்றது. திட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். அதன் கண்ணில் தண்ணீர், முகத்தில் ஒரு மரியாதை. மாமா வளையம் சொல்லச் சொன்னார், நான் அதைவிடப் பெரிதாகச் செய்துவிட்டேனாம். கெட்ட குழலை நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேனாம். இல்லை அத்தை, இல்லை அத்தை என்றேன். காதில் வாங்கவில்லை.

தம்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது.

"தெருவுல சொல்றாங்களேக்கா."

"இல்லடா. குழல் நல்லாத்தான்டா இருந்துச்சு."

பிறகு திரும்பினான். "அக்கா, நான் ஊணல. வெடிச்ச பொறவுதான் அது சேத்துல விழுந்துச்சு. ஆனா சேத்தைப் பாத்தா ஊணிட்டேன்னுதான் சொல்வாங்க. ஐயா கொட்டாயை விட்டுத் தள்ளிடுவாரு. புள்ளையத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? நீ எப்பவும் கழுவுறதுதானே. கழுவிப்புடு."

கழுவினால் தம்பிக்குக் கொட்டகை நிற்கும். ராவுத்தர் கடை போகும், பொய் முத்திரை குத்தியவர் என்ற பேரோடு. கழுவாவிட்டால் கடை நிற்கும், தம்பி தெருவில் நிற்பான்.

கடைக்குத் திரும்பினபோது யாரும் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அது எப்போதும் கொதிக்கும். துணியை அவிழ்த்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். ராவுத்தர் சொன்னபடி அந்த மண் பொரிந்திருக்கிறதா என்று பார்த்தேன். கறுப்பாக இருந்தது. வெந்த கறுப்பா, மருந்துப் புகையின் கறுப்பா? நகத்தால் தொட்டால் தெரியும். தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று பயம். பார்த்துக்கொண்டே இருந்தேன். ராவுத்தர் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்று என்னையும், என் கையில் இருந்ததையும், அடுப்பையும் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், பிறகு என்ன ஆகியிருக்குமோ. துணியை முன்பு இருந்த மாதிரியே சுற்றி அடியில் வைத்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து சுவரைப் பார்த்தார், தேக்குச் சட்டத்தைப் பார்த்தார், குழலைப் பார்த்தார். ராவுத்தர் சொன்னதை ஒப்புக்கொண்டார். கடை நின்றது. அந்த வாரமே தம்பியின் சட்டி பானையைப் பண்ணை ஆட்கள் எடுத்து வெளியே வைத்தார்கள்.

தெருவிலும் விஷயம் தெரிந்தது. குழல் நல்ல குழல், சேறு அடைத்துத்தான் பிளந்தது என்று. மாரிமுத்து மாமா மறுபடியும் என் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அப்ப, எங்களைச் சுடுறதுக்கு நல்ல துப்பாக்கியாத்தான் பாத்துக் குடுத்தியா?"

"ஆமா மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு தெரு என்னோடும் பேசவில்லை. தம்பி, பெண்டாட்டி பிள்ளையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டான். தெரு பேசாத இரண்டு பேரும் ஒரே கூரைக்குள். நான் கடைக்குப் போவேன், தம்பி பெண்டாட்டி அடுத்த ஊருக்கு அறுப்புக்குப் போகும். அவன் ஒற்றைக் கையால் என்ன முடியுமோ செய்தான். கொஞ்ச வருஷத்தில் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. பண்ணை மனையில் கொட்டகை போட்டிருந்தவர்கள் எல்லோருக்கும் பட்டா கிடைத்தது. முன்பே வெளியே தள்ளப்பட்ட தம்பிக்கு இல்லை. அவன் பெண்டாட்டி ஒரே ஒரு தடவை, உலைக்கு அரிசி களைந்துகொண்டே, "தண்ணி கொதிச்சிட்டுத்தானே அத்தாச்சி இருந்துச்சு" என்று சொன்னது. தெரு பிறகு பேசத் தொடங்கியது. காலம் ஆனால் எல்லோரும் பேசுவார்கள். ராவுத்தர் காலமானார். நான் கண் மங்குகிறவரை அந்தப் பலகையிலேயே வேலை பார்த்தேன். எத்தனையோ குழல் கழுவினேன்.

போன வருஷம் தம்பியும் போய்விட்டான். படுக்கையில் கிடந்தபோது ஒருநாள், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். அத்தனை வருஷமாகக் கேட்காததை.

"கோவிந்தா, ஊணினியாடா?"

அவன் என்னையே பார்த்தான். "நீ பாத்தல்ல. என்னக்கா பாத்த?" என்று திருப்பிக் கேட்டான்.

நான் பார்த்தது கறுத்த மண்ணைத்தான். அது எந்தக் கறுப்பு என்று இன்றைக்கும் தெரியாது.

அதனால் இந்த மலரைப் படிக்கிற தொழில்காரர்களை, இதற்கென்றே படித்தவர்களை, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். சுட்ட சூடு ஆறாத குழல் சேற்றில் விழுந்தால், உள்ளே ஒட்டுகிற மண்ணும் பொரிந்த மாதிரி கறுக்குமா? இன்னொன்று. கூடுதல் மருந்து போட்டு நாங்கள் விட்ட சோதனை வேட்டே, துருப்பிடித்த ஒரு குழலை வெளியே தெரியாமல் தளர்த்திவிட்டிருக்குமா? விரலுக்குத் தட்டாமல், வளையம் போடாமல், வாய்ப்பக்கம் பிளக்கிற அளவுக்கு? ராவுத்தர் இல்லை என்றுதான் சொன்னார். அவர் பொய் சொல்கிற மனுஷர் இல்லை. ஆனால் அவர் ஒருவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

பதில் எதுவானாலும், வயதானவள் மனசு நோகும் என்று பார்த்து மாற்றாமல், உள்ளதை உள்ளபடி மலரில் போடுங்கள். தம்பி பெண்டாட்டி என்னோடுதான் இருக்கிறது. அதற்கு எழுத்துத் தெரியாது. வந்ததை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.